டீ குடிச்சா ரத்தம் மெலிசாகுமா? எந்த டீ ஹார்ட்டுக்கு என்ன பண்ணும்

கேட்டது சுருக்கமா இதுதான்: அப்பாவுக்கு 63 வயசு, ஆறு மாசம் முன்னாடி ஒரு ஸ்டென்ட் வெச்சாங்க, ரத்தம் கெட்டியா இருக்கு அதனால மாத்திரை விடாம சாப்பிடணும்னு டாக்டர் சொல்லியிருக்கார், இப்ப சொந்தக்காரங்க கிரீன் டீ, இஞ்சி டீ, செம்பருத்தி டீன்னு குடிச்சா ரத்தம் தானா மெலிசாயிடும், மாத்திரையை மெல்ல குறைச்சுக்கலாம்னு சொல்றாங்க, எந்த டீ நல்லது, பால் டீயை விட்டுடணுமா.

நேரா பதில் சொல்லிடறேன். எந்த டீயும் ஸ்டென்ட் மாத்திரை செய்யற வேலையை செய்யாது. எக்கோஸ்பிரின் (ஆஸ்பிரின்தான்), கிளோபிடோக்ரெல், சிலருக்கு அதுக்கு பதிலா டிகாக்ரெலார், இதுல எதையும் டீயை நம்பி குறைக்க வேணாம், அதுவும் முதல் வருஷத்துல. ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டா மறுபடி அட்டாக் தான், அது லேசுல விடற அட்டாக் இல்ல. எந்த மாத்திரையை எப்ப நிறுத்தறதுங்கறது ஸ்டென்ட் வெச்ச டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம், வாட்ஸப்ல வர்ற விஷயம் இல்ல.

சரி இப்ப கெட்டி விஷயத்துக்கு வரேன், ஏன்னா குழப்பமே இங்கதான் ஆரம்பிக்குது. ரத்தம் கெட்டியா இருக்குன்னு டாக்டருங்க சொல்றது சட்டுன்னு புரியட்டும்னு சொல்றது. நிஜமாவே ரத்தம் கெட்டியாகற வியாதி ஒண்ணு இருக்கு, பாலிசைத்தீமியானு பேரு, அதுல சிவப்பணு கண்டபடி பெருகிடும், ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு காட்டற ஹீமடோக்ரிட்ட 45 சதவீதத்துக்கு கீழ வெக்கறதுக்காக அப்பப்ப ரத்தத்தை எடுத்து வெளியில விடுவாங்க. உடம்புல தண்ணி வத்தினாலும் கொஞ்சம் கெட்டியாகும். சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் சிவப்பணு கூடும். ஆனா உங்க அப்பாவோட மாத்திரை இதையெல்லாம் தொடறதே இல்ல, ரத்தம் எவ்வளவு தண்ணியா இருக்குங்கறதுக்கும் எக்கோஸ்பிரினுக்கும் சம்பந்தமே கிடையாது. தண்ணி கலந்த பாலா இருந்தாலும் ஒரு ஸ்பூன் மோர் விட்டா உறையத்தானே செய்யும், அந்த உறையறதைத்தான் மாத்திரை தடுக்குது.

உறையறதுலயும் ரெண்டு வழி இருக்கு, இது பின்னாடி டீயைப் பத்தி பேசும்போது தேவைப்படும். ஒண்ணு ரத்தத்துல இருக்கற பிளேட்லெட்ங்கற சின்னச் சின்ன அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கறது, எக்கோஸ்பிரினும் கிளோபிடோக்ரெலும் அதைத் தடுக்கும். எக்கோஸ்பிரின் பட்ட பிளேட்லெட் அது சாகற வரைக்கும் திரும்ப சரியாகாது, அதோட ஆயுசு 7லேர்ந்து 10 நாள், அதனாலதான் தினமும் ஒரு 75 மில்லிகிராம் போதுமா இருக்கு. இன்னொண்ணு கல்லீரல் தயாரிக்கற உறையும் புரதங்கள், அதுல சிலதுக்கு வைட்டமின் கே வேணும், அந்த வைட்டமின் கே வழியை அடைக்கறதுதான் வார்ஃபரினும் அசிட்ரோமும். வால்வு மாத்தினவங்க, ருமாட்டிக் ஹார்ட் பிராப்ளத்தோட இதயத்துடிப்பு ஒழுங்கில்லாம இருக்கறவங்க இதை சாப்பிடுவாங்க, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற ஐஎன்ஆர் டெஸ்டுக்கு மாசாமாசம் ரத்தம் குத்திப் பாப்பாங்களே அவங்கதான். புதுசா வந்த மாத்திரைகளுக்கு அந்த டெஸ்ட் தேவையில்லைன்னாலும் ருமாட்டிக் கேஸ்ல பழைய மாத்திரையே மேல்னு 2022ல வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டிச்சு, அதனால நம்ம ஊர்ல அசிட்ரோம் இன்னும் பல காலம் இருக்கும்.

இப்ப டீ. கிரீன் டீ, பிளாக் டீ, ஊலாங் எல்லாம் ஒரே செடிதான், நீலகிரியிலயும் வால்பாறையிலயும் பறிக்கறாங்களே அதே செடி. பறிச்ச இலையை அப்படியே சூடு காட்டி நிறுத்திட்டா கிரீன் டீ, கசக்கி காத்துல விட்டு கருக்க விட்டா பிளாக் டீ. கிரீன் டீயில கேட்டக்கின்னு சொல்ற பொருள் அதிகம், கருக்கும்போது அது தியாஃபிளேவின் மாதிரி வேற பொருளா மாறிடுது. ஹார்ட்டுக்கு நல்லதுன்னு சொல்றதெல்லாம் இந்த ரெண்டு வகையறாவையும் வெச்சுத்தான்.

இது பிளேட்லெட்டை என்ன பண்ணுது? டெஸ்ட் டியூப்ல போட்டா பிளேட்லெட் ஒட்டறது குறையுது, அந்த ஆராய்ச்சியைத்தான் எல்லாரும் ஷேர் பண்றாங்க. மனுஷனுக்கு குடிக்கக் கொடுத்தா கதை வேற. 2001ல பாஸ்டன்ல ஏற்கனவே இதய ரத்தக்குழாய் அடைப்பு இருக்கறவங்களுக்கு பிளாக் டீ கொடுத்துப் பாத்தாங்க, குடிச்ச கொஞ்ச நேரத்துலயும் சரி, நாலு வாரம் தொடர்ந்து குடிச்சும் சரி, பிளேட்லெட் ஒட்டறதுல வித்தியாசமே இல்ல. லண்டன்ல 2007ல ஆரோக்கியமான ஆம்பளைங்களுக்கு ஆறு வாரம் கொடுத்தப்போ பிளேட்லெட் கொஞ்சம் அமைதியானதா வந்துச்சு, ஆனா அது மாத்திரை லெவலுக்கு கிட்டக்கூட வராது. அப்போ பிளேட்லெட் கணக்குல டீ பெரிசா தேறலைன்னு வெச்சுக்கலாம்.

ஆனா அந்த பாஸ்டன் குரூப்பே இன்னொண்ணையும் பாத்தாங்க, எனக்கு அதுதான் முக்கியமா படுது. ரத்தக்குழாயோட உள் சுவர் இருக்கே, எண்டோதீலியம், அது தேவைப்படும்போது விரிஞ்சு கொடுக்கணும், அடைப்பு இருக்கறவங்களுக்கு அந்த விரியற சக்தி குறைஞ்சிருக்கும். கையில பிரஷர் பட்டையை கட்டி இறுக்கி அவுத்துவிட்டு குழாய் எவ்வளவு விரியுதுன்னு ஸ்கேன்ல பாப்பாங்க. டீ குடிச்சவங்களுக்கு அது நல்லாவே கூடிச்சு, உடனேயும் கூடிச்சு, நாலு வாரம் கழிச்சும் கூடிச்சு. அதாவது டீ ஏதாவது நல்லது பண்ணுதுன்னா ரத்தத்துக்குப் பண்ணல, குழாய்க்குப் பண்ணுது.

பெரிய கூட்டத்தை வருஷக்கணக்குல கவனிச்ச ஆய்வுகள்னு பாத்தா ஜப்பான்ல மியாகி பக்கம் ஓசாகின்னு ஒரு இடம், 1994ல ஆரம்பிச்சு 40,530 பேரை 11 வருஷம் வரைக்கும் பாத்தாங்க, ரிசல்ட் 2006ல வந்துச்சு. தினம் ஒரு கப்புக்கும் கம்மியா கிரீன் டீ குடிச்சவங்களை விட அஞ்சு கப்புக்கு மேல குடிச்சவங்ககிட்ட இதயம், ரத்தக்குழாய் சம்பந்தமான சாவு ஆம்பளைங்கள்ல 22 சதவீதமும் பொம்பளைங்கள்ல 31 சதவீதமும் கம்மி. நெதர்லாந்துல ஸூட்ஃபென் ஊர்ல வயசான ஆம்பளைங்க 805 பேர்கிட்டயும் 1993ல இதே மாதிரி வந்துச்சு, அவங்க குடிச்சது பிளாக் டீ. இதைப் படிச்சதும் ஆஹான்னு தோணும், ஆனா 1997ல வேல்ஸ்ல கேர்ஃபில்லிங்கற ஊர்ல அதே மாதிரி பாத்தப்போ ஒரு பலனும் தெரியல. வேல்ஸ்காரங்க டீயில பால் ஊத்திக் குடிக்கறவங்க, அங்கதான் பால் மேல சந்தேகம் ஆரம்பிச்சது.

அந்த சந்தேகத்துக்கு 2007ல பெர்லின்ல ஒரு சின்ன ஆய்வு எண்ணெய் ஊத்துச்சு. 16 பொம்பளைங்க, வெறும் பிளாக் டீ குடிச்சா குழாய் விரியுது, அதே டீயில பத்துல ஒரு பங்கு பால் கலந்தா அந்த விரிவு சுத்தமா காணோம், பால்ல இருக்கற கேசீன் புரதம் டீயோட சத்தைப் பிடிச்சு வெச்சுக்குதுன்னு சொன்னாங்க. அன்னிலேர்ந்து பால் டீ வேஸ்ட்னு ஒரு பேச்சு ஓடிட்டே இருக்கு. ஆனா வேற ஆய்வுல பால் கலந்தாலும் கேட்டக்கின் ரத்தத்துக்குப் போறது குறையலன்னும் இருக்கு, அப்புறம் 2022ல பிரிட்டன்ல கிட்டத்தட்ட 5 லட்சம் பேரோட தகவலை வெச்சு பாத்தாங்க, பெரும்பாலும் பிளாக் டீ, தினம் ரெண்டு கப்பு இல்ல அதுக்கு மேல குடிச்சவங்ககிட்ட மொத்த சாவு 9லேர்ந்து 13 சதவீதம் கம்மியா இருந்துச்சு, பால் ஊத்தினாலும் ஊத்தாட்டியும் அப்படித்தான். 16 பேர் ஒரு பக்கம், 5 லட்சம் பேர் ஒரு பக்கம்னா எனக்கு பால் மேல பெரிய கோவம் இல்ல. ஒண்ணு சொல்லணும், இங்கிலீஷ்காரன் பால் டீன்னு சொல்றது டீயில கொஞ்சமா பால் விடறது, நம்ம கடை டீ அளவுக்கு பால் அதுல கிடையாது, அதனால அந்த 5 லட்சத்தை அப்படியே நம்ம டீக்கடைக்கு இழுத்துட்டு வரவும் முடியாது. அதோட இதெல்லாம் பழக்கத்தைக் கவனிச்ச ஆய்வு, டீ குடிக்கறவங்க வேற விஷயத்துலயும் வித்தியாசமா இருக்கலாம், டீதான் காப்பாத்துச்சுன்னு அடிச்சு சொல்ல முடியாது.

அடிச்சு சொல்லக்கூடிய மாதிரி ஆளைப் பிரிச்சு கொடுத்துப் பாத்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பாத்தா நம்பர் சின்னதுதான். கிரீன் டீயால கெட்ட கொலஸ்ட்ரால் எல்டிஎல் குறையறது ரிப்போர்ட்ல வர்ற நம்பர்ல சராசரியா 2 புள்ளி கிட்ட. பிரஷர்ல மேல் நம்பர் குறையறதும் சுமார் 2 புள்ளி. ஒரு ஸ்டாட்டின் மாத்திரை எல்டிஎல்ல 30லேர்ந்து 50 சதவீதம் இறக்கும், அதோட பக்கத்துல வெச்சுப் பாத்துக்குங்க.

நம்ம பால் டீயில நிஜமா பாக்க வேண்டியது சக்கரை. ஒரு கப்புக்கு ரெண்டு ஸ்பூன்னா 10 கிராம் கிட்ட, நாலு டீ குடிச்சா 40 கிராம். உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு மொத்தமா 50 கிராமுக்குள்ள இருக்கட்டும், 25க்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு சொல்லுது, நாலு டீயிலயே அந்த 25 எங்கயோ போயிடுச்சு, அதுல பிஸ்கட்டும் வடையும் சேரல. கிரீன் டீயில தேன் ஊத்திக் குடிச்சாலும் இதே கணக்குதான், தேன்னா சக்கரை இல்லைன்னு யாரோ நல்லா நம்ப வெச்சிருக்காங்க. ஸ்டென்ட் வெச்சவருக்கு கூடவே சுகரும் இருந்துச்சுன்னா டீயில பால் இருக்கா இல்லையாங்கறது கடைசி கவலை.

இப்ப எந்த மாத்திரைக்கு எந்த டீ ஆகாதுங்கற பகுதி, இதை எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க, எனக்கு இதுலதான் பயம். டீ ரத்தத்தை என்ன பண்ணுதுங்கறதை விட டீ மாத்திரையை என்ன பண்ணுதுங்கறதுதான் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்.

அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கு கிரீன் டீ ரத்தத்தை மெலிசாக்கறதுக்கு நேர் எதிரா வேலை செய்யலாம். 1999ல ஒரு கேஸ் ரிப்போர்ட் வந்துச்சு, வார்ஃபரின்ல இருந்த ஒருத்தர் தினமும் ரெண்டுலேர்ந்து நாலு லிட்டர் வரைக்கும் கிரீன் டீ குடிச்சிருக்கார், 3.79 இருந்த ஐஎன்ஆர் 1.37க்கு இறங்கிடுச்சு, அதாவது மாத்திரை கிட்டத்தட்ட வேலை செய்யவே இல்ல. காய்ஞ்ச டீ இலையில வைட்டமின் கே நிறைய இருக்கு, ஆனா அது தண்ணியில சரியா இறங்காது, அதனால ஒண்ணு ரெண்டு கப்புக்கு யாரும் பயப்பட வேணாம். லிட்டர் கணக்குல குடிச்சாத்தான் பிரச்சனை. அப்புறம் இலையையே அரைச்சு முழுங்கற சமாச்சாரம், ஜப்பான் மாட்சா, நம்ம ஊர் முருங்கை இலைப் பொடி டீ, அதுல வடிகட்டறதே இல்ல, கீரை சாப்பிடற மாதிரி தான் கணக்கு. கீரையே கூடாதுன்னு இல்ல, ஒரு வாரம் தினமும் அடுத்த வாரம் சுத்தமா இல்லைன்னு போகக்கூடாது, ஒரே அளவா இருந்தா டாக்டர் மாத்திரையை அதுக்கேத்த மாதிரி செட் பண்ணிடுவார். உங்க அப்பா அசிட்ரோம்ல இல்லைன்னா இது அவருக்கு பொருந்தாது, அட்டையைப் பாத்து உறுதி பண்ணிக்குங்க.

நாடோலால்னு ஒரு பிரஷர் மாத்திரை, நம்ம பக்கம் அதிகமா எழுதறதில்ல, ஆனா அதுல நடந்தது தெரிஞ்சிருக்கட்டும். 2014ல ஜப்பான்ல பத்து பேருக்கு தினமும் 700 மில்லி கிரீன் டீ ரெண்டு வாரம் கொடுத்து அப்புறம் இந்த மாத்திரையைக் கொடுத்தா ரத்தத்துல மாத்திரையோட அளவு 85 சதவீதம் குறைஞ்சுபோச்சு, குடல்ல மாத்திரையை உள்ள இழுக்கற வழியை டீ அடைச்சிடுது. அதனால எந்த மாத்திரையா இருந்தாலும் வெறும் தண்ணியில போடுங்க, டீயோட போடாதீங்க.

மூலிகை டீன்னு விக்கறாங்களே, அதுல டீ இலையே கிடையாது, ஒவ்வொண்ணும் ஒரு தனி மருந்து மாதிரி. செம்பருத்தி டீக்கு நிஜமாவே ஆதாரம் இருக்கு, 2010ல அமெரிக்காவுல டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்துல பிரஷர் லேசா கூட இருக்கற 65 பேருக்கு தினம் மூணு கப் ஆறு வாரம் கொடுத்தாங்க, மேல் நம்பர் 7 புள்ளி இறங்குச்சு, போலி பானம் குடிச்சவங்களுக்கு 1 புள்ளிதான். ஆனா அவங்க கொடுத்தது நம்ம வீட்டு வாசல்ல பூக்கற செம்பருத்தி இல்ல, புளிச்சக்கீரைச் செடியில பூவுக்கு அடியில இருக்கற சிவப்பு புல்லி இதழ், அந்தப் புளிப்பான பானம். கடையில செம்பருத்தி டீன்னு வாங்கினா ரெண்டுல எதுன்னு டப்பாவைப் பாருங்க. எதுவா இருந்தாலும் பிரஷர் மாத்திரையோட சேந்து பிரஷர் ரொம்ப இறங்கி தலை சுத்தலாம், வயசானவங்க எழுந்து நிக்கும்போது கவனம்.

இதுக்கு நேர் எதிரா அதிமதுரம். தொண்டைக்கு நல்லதுன்னு சுக்குப் பொடியிலயும் டீத் தூள்லயும் கலக்கறாங்க, எப்பவாவது தொண்டை கட்டினப்போ குடிச்சா பரவாயில்ல, ஆனா தினமும் குடிச்சா உப்பு உடம்புல தங்கிடும், பொட்டாசியம் வெளிய போயிடும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் ரொம்ப இறங்கினா ஹார்ட் துடிப்பே தாறுமாறாகும். அமெரிக்காவுல 54 வயசு ஆள் ஒருத்தர் சில வாரம் தினமும் ஒண்ணரை பாக்கெட் அதிமதுர மிட்டாய் சாப்பிட்டு இதயம் நின்னு செத்துப்போனது 2020ல மருத்துவ பத்திரிகையிலயே வந்துச்சு. ஹார்ட் பேஷன்ட்டுக்கு, அதுவும் நீர் பிரிய மாத்திரையோ டைஜாக்சினோ சாப்பிடறவங்களுக்கு, அதிமதுரம் வேணவே வேணாம்னு நான் சொல்லுவேன்.

இஞ்சி டீ, சுக்கு காபி, சமையல் அளவுல எக்கோஸ்பிரினோட பயமில்ல, பிளேட்லெட்டைத் தடுக்கும்னு சொல்ற ஆய்வெல்லாம் ஒண்ணுக்கொண்ணு முரண், சிலதுல தினம் 5 கிராம் பொடி கொடுத்திருக்காங்க, அதை யாரும் டீயில போட்டுக் குடிக்க மாட்டாங்க. இஞ்சி கேப்ஸ்யூல் வேற விஷயம். கெமோமில்னு ஒரு பூ டீ இப்ப சூப்பர் மார்க்கெட்ல வருது, தூக்கத்துக்குன்னு வாங்கறாங்க, கனடாவுல வார்ஃபரின் சாப்பிட்ட 70 வயசு அம்மா ஒருத்தங்க இந்த டீயும் அதே பூவோட லோஷனும் சேத்து உபயோகிச்சு உள்ள ரத்தம் கசிஞ்சது 2006ல பதிவாயிருக்கு, அசிட்ரோம்காரங்க தள்ளி நிக்கறது நல்லது.

பட்டை டீக்கு ஒரு வேடிக்கையான குழப்பம் இருக்கு. நம்ம மளிகைக் கடையில வர்ற தடிமனான பட்டை பெரும்பாலும் கேசியா, அதுல கூமரின்னு ஒரு பொருள் இருக்கு, அதனால ரத்தம் மெலிசாகும்னு சொல்றாங்க. கூமரின் அப்படியே இருந்தா ரத்தம் உறையறதைத் தடுக்காது. 1920கள்ல அமெரிக்காவுலயும் கனடாவுலயும் பூஞ்சை பிடிச்ச ஒரு வகை தீவனப் புல்லைத் தின்ன மாடுங்க ரத்தம் நிக்காம செத்துச்சு, பூஞ்சை அந்தக் கூமரினை வேற பொருளா மாத்தினதுதான் காரணம்னு விஸ்கான்சின்ல கார்ல் லிங்க் குரூப் கண்டுபிடிச்சாங்க, அந்த வழியிலதான் வார்ஃபரினே வந்துச்சு, 1948ல எலி மருந்தா, 1954ல மனுஷனுக்கு. பட்டையில இருக்கற கூமரின் அதிகமானா கெடறது கல்லீரல். தினம் குடிச்சே ஆகணும்னா சிலோன் பட்டை, சுருட்டு மாதிரி மெல்லிசா அடுக்கடுக்கா இருக்கும், அதுல கூமரின் ரொம்ப கம்மி.

மருதம்பட்டை கஷாயம் கேப்பீங்கன்னு தெரியும். பழைய சின்ன ஆய்வுகள்ல நல்ல ரிசல்ட் வந்துச்சு, ஆனா டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஹார்ட் வீக்கா இருக்கறவங்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பாத்ததுல பம்ப் பண்ற சக்தி கூடல. குடிக்கறதா இருந்தா டாக்டருக்குத் தெரிஞ்சு குடிங்க, மாத்திரைக்கு பதிலா வேணாம். கிரீன் டீ கேப்ஸ்யூல், எடை குறைக்கற எக்ஸ்ட்ராக்ட் இதெல்லாம் ஹார்ட் பேஷன்ட் வீட்டுப் பக்கமே வர வேணாம், இஜிசிஜின்னு கிரீன் டீயோட முக்கியமான கேட்டக்கின் தினம் 800 மில்லிகிராமுக்கு மேல போனா கல்லீரல் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018லயே சொல்லிடுச்சு.

ரத்தத்தை நிஜமா மெலிசாக்கற ஒரு வழி டீக்கு உண்டு, அது நல்லதுக்கு இல்ல. சாப்பாட்டோட டீ குடிச்சா அந்தச் சாப்பாட்டுலேர்ந்து உடம்புல சேர வேண்டிய இரும்புச்சத்து பாதிக்கு மேல குறைஞ்சிடலாம், முக்கியமா கீரை, பருப்பு, தானியத்துல வர்ற இரும்பு. நம்ம நாட்டுல 15லேர்ந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகைன்னு தேசிய குடும்ப நல சர்வே சொல்லுது. ரத்த சோகை இருந்தா ஹார்ட் கூடுதலா அடிச்சுத்தான் ஈடுகட்டணும். அப்பாவை விட அம்மாவுக்கு இது முக்கியம், டீயை சாப்பாட்டுலேர்ந்து ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுக்கச் சொல்லுங்க.

அப்பாவுக்கு என்ன பண்ணலாம்னா, சக்கரை இல்லாம இல்ல அரை ஸ்பூன்ல ரெண்டு மூணு டீ, பிளாக் டீ பிடிச்சா பிளாக் டீ, கிரீன் டீ பிடிச்சா கிரீன் டீ, பால் டீதான் வேணும்னா பாலைக் கொஞ்சம் குறைச்சு. கசப்பை முகம் சுளிச்சுக் குடிக்க வைக்கற அளவுக்கு கிரீன் டீ பிளாக் டீயை விட ஒண்ணும் பெரிய ஆள் இல்ல. டீ குடிச்சா தண்ணி வத்தும்ங்கறதும் சும்மா பேச்சு, தினம் நாலஞ்சு கப் வரைக்கும் தண்ணி குடிச்ச கணக்குதான். காலையில வெறும் வயித்துல ஸ்ட்ராங் டீயும் அதோட எக்கோஸ்பிரினும் மட்டும் வேணாம், வயிறு புண்ணாகும், மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். வயித்தெரிச்சல்னு கடையில ஓமெப்ரசோல் வாங்கிப் போட்டுடாதீங்க, அது கிளோபிடோக்ரெலோட வேலையைக் குறைக்கும், டாக்டர்கிட்ட சொன்னா பான்டோப்ரசோல் எழுதித் தருவார். மலம் தார் மாதிரி கறுப்பா போச்சுன்னா உள்ள ரத்தம் கசியுதோன்னு சந்தேகப்படணும், அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க, நீங்களா மாத்திரையை நிறுத்திட்டு வீட்டுல உக்காராதீங்க.